திருவனந்தபுரத்தில் விமானம் மாற 10 மணி நேரம் இருக்கிறது. கன்னியாகுமரி போய் வந்துவிடலாமா?

கேட்டவரின் கணக்கு இது: சென்னையிலிருந்து காலை 7.15-க்குத் திருவனந்தபுரத்தில் இறங்குகிறார். மஸ்கட் விமானம் மாலை 5.30-க்கு. கன்னியாகுமரி 90 கிலோமீட்டர்தானே, ஒரு எட்டு போய் வந்துவிடலாமா என்கிறார்.

எனக்கு ஊர் தக்கலை, கன்னியாகுமரி போகும் வழியில்தான் இருக்கிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடாவுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் திருவனந்தபுரத்தைத்தான் ‘நம்ம ஏர்போர்ட்’ என்போம். சொந்தக்காரர்களை ஏற்றிவிடவும் கூட்டிவரவும் அந்த ரோட்டில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: கன்னியாகுமரி வேண்டாம். தக்கலையோடு திரும்பிவிடுங்கள்.

முதலில் அந்தப் பத்து மணி நேரம் பத்து மணி நேரமே இல்லை. பெட்டியை எடுத்து வெளியே வர 7.45 ஆகிவிடும். வெளிநாட்டு விமானத்துக்கு மதியம் 2.30-க்காவது உள்ளே நுழைய வேண்டும். ஆக, கையில் இருப்பது ஆறே முக்கால் மணி நேரம். கன்னியாகுமரிக்குப் போக இரண்டே முக்கால், வர இரண்டே முக்கால் போட்டால் மிச்சம் ஒன்றேகால் மணி. விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற வரிசையில் நிற்கவே அது போதாது.

என் தங்கை வீட்டுக்காரர் இதைச் செய்து பார்த்தவர். ஏர்போர்ட் பக்கத்திலிருந்து கோவளம் வழியாகப் போகும் பைபாஸில் கார் பறந்ததாம். அது அப்படித்தான், ஆரம்பத்தில் நல்ல நம்பிக்கை கொடுக்கும். களியக்காவிளை பக்கம் பழைய ரோட்டில் ஏறியதும் கதை மாறிவிடும். கடையும் வீடும் ரோட்டை ஒட்டியே இருக்கும், ஓர் ஊர் முடிந்தது என்று சொல்ல இடமே இருக்காது. போதாததற்குக் கல்லும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள். குழித்துறையில் மாட்டிக்கொண்டு, கடைசியில் கன்னியாகுமரிக் கரையில் பத்து நிமிடம் நின்றிருக்கிறார். 133 அடி வள்ளுவரைக் கையளவில் ஒரு போட்டோ, அப்புறம் திரும்பி ஓட்டம். “மச்சான், அங்க போனேன்னு வெளியே சொல்லிராதீங்க” என்றார். சொல்லிவிட்டேன்.

சரி, தக்கலையில் என்ன இருக்கிறது? பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான், திருவனந்தபுரத்துக்கு மாறியது அதற்கப்புறம். 1956 நவம்பர் 1-இல் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஆனால் அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது. மண் தமிழ்நாடு, டிக்கெட் கேரளா.

காலை 9 மணிக்குத் திறப்பார்கள். நீங்கள் பத்து மணிக்கு முன்னால் வந்துவிடலாம். மதியம் 1 முதல் 2 வரை மூடிவிடுவார்கள், ஆனால் உங்களுக்கு அது குறுக்கே வராது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதுவும் நல்லதுதான். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்து இழைத்த கருப்புத் தரை, கோடையிலும் உள்ளங்காலில் சில்லென்று ஏறும். சன்னலில் இருந்து வரும் வெளிச்சம் அதில் தண்ணீரில் விழுந்தது போலத் தெரியும். முகப்பு மண்டபத்தில் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மரக் கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது நாங்கள் எண்ண ஆரம்பித்து, நாற்பதில் கழுத்து வலித்து விட்டுவிட்டோம். அங்கேயே குதிரை வீரன் உருவத்தோடு ஒரு தொங்கு விளக்கு இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினாலும் சாயாமல் நிற்கும். ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு அவருடைய படைக்கே தளபதியாகி, அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். கல்லறையைப் பார்க்க இருபது நிமிடம் போதும்.

திங்கட்கிழமை வருகிறீர்கள் என்றால் அரண்மனை விடுமுறை. அன்றைக்கு மார்த்தாண்டத்தில் திரும்பிச் சிதறால் மலைக்குப் போங்கள். பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கொஞ்சம் ஏற வேண்டும், வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன் குழம்பும் கிடைக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். சைவம் என்றால் அவியலும் புளிசேரியும். 12.30-க்குக் கார் கிளம்பியிருக்க வேண்டும், இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

இன்னும் சில விஷயங்கள். உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், வெளிநாட்டு முனையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் சாக்கையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெளி ரோட்டில் சுற்றித்தான் வர வேண்டும். டிரைவரிடம் எந்த முனையம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி உங்களோடுதான் அலையும், அதனால் பஸ்ஸெல்லாம் வேண்டாம், நாள் வாடகைக்குக் கார் எடுங்கள். பங்குனி, ஐப்பசியில் சாமியைக் கடலில் நீராட்டும் ஆறாட்டு நாள்களில் பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் கடலுக்குப் போகும். அதற்காக அன்று மாலை சில மணி நேரம் விமானங்களையே நிறுத்திவிடுவார்கள். உங்கள் தேதி அதில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் தாமதமாகி நான்கைந்து மணி நேரமே மிஞ்சினால் மாநில எல்லையைத் தாண்டாதீர்கள். சங்குமுகம் கடற்கரையில் ஒரு சாயா குடித்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

வாங்கிப்போக வேண்டும் என்றால் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போதும். மார்த்தாண்டம் தேன் நல்ல தேன்தான், ஆனால் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டிக்குள் போடுங்கள். மட்டிப்பழம் வழியெல்லாம் கடைகளில் தொங்கும். விரல் கனம்தான், தோல் காகிதம் மாதிரி இருக்கும், மணம் கார் முழுக்க நிற்கும். அதைப் பெட்டியில் போட்டு மஸ்கட் வரை கொண்டுபோக நினைக்காதீர்கள், துணியெல்லாம் பழமாகிவிடும். நெய்யாற்றின்கரை வருவதற்குள் காரிலேயே தின்று தீர்த்துவிடுங்கள்.