நிதி கேட்கக் கிளம்பும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. பிள்ளைகளுக்காக ஏதோ ஒன்றைச் சொந்தக் காசில் நடத்திக்கொண்டிருக்கிறோம், இனி தாங்காது, யாரிடம் பணம் கேட்பது என்று. சில கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் நான்கு வருடமாக மாலைப் படிப்பு மையம் நடத்துகிறோம். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு கம்பெனி அதிகாரி, "சிஎஸ்ஆர்-1 நம்பர் இருந்தால் பணம் தரலாம்" என்றார். எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை. என்ன செய்வது சார்?
_வாசகர், நாகலூர்_

நாளைக்கே டிரஸ்ட் பதிந்துவிட்டால் அடுத்த மாதம் பணம் வந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சிஎஸ்ஆர் என்பது இதுதான். தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பொட்டனேரியில் இரும்பாலை, மேட்டூரில் ரசாயன ஆலை என்று நம் மாவட்டத்திலேயே பெரிய ஆலைகள் இருக்கும்போது மும்பைக்கு மெயில் தட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

கம்பெனி இந்தப் பணத்தை இன்னொரு அமைப்பு மூலம் செலவழித்தால், அந்த அமைப்பு கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். அதற்குப் பதிவான டிரஸ்டோ சங்கமோ வேண்டும், வருமான வரித் துறையில் அமைப்புக்கு வரி விலக்குத் தரும் 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி என்று சொல்லப்படும் பதிவுகள் வேண்டும், அதற்கு மேல் அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். உங்களுக்கு இடிப்பது இந்தக் கடைசி விஷயம்தான். நான்கு வருடம் நீங்கள் உழைத்தது ஊருக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாதே!

அதனால் இரண்டு வழி. ஒன்று, கம்பெனியே நேரடியாகச் செய்யலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது. நோட்டு, புத்தகம், மாலைச் சிற்றுண்டி, ஆசிரியருக்கான சம்பளம் ஆகியவற்றைக் கம்பெனியே கொடுக்கட்டும், உங்கள் கைக்குப் பணமே வர வேண்டாம். (கட்டடம் மாதிரி சொத்து என்றால் அது யார் பெயரில் இருக்கலாம் என்பதற்குத் தனி விதி உண்டு, இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.) இன்னொன்று, ஏற்கெனவே எண் வாங்கி நல்ல பெயரோடு இயங்கும் டிரஸ்ட் ஒன்றைச் சேலத்தில் தேடி, அவர்கள் பெயரில் திட்டத்தைக் கொடுத்து, வேலையை நீங்கள் செய்வது. யார் சம்பளம் போடுவது, பில் யார் பெயரில் இருக்கும், பாதியில் பிரிந்தால் பிள்ளைகளின் பதிவேடு யாரிடம் இருக்கும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், "நம்ம ஆளுதானே" என்று விட்ட இடத்தில்தான் பெரும்பாலான சண்டைகள் ஆரம்பிக்கின்றன.

இடையில் உங்கள் டிரஸ்டையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அமைப்பின் பெயரில் பான், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்கிற வங்கிக் கணக்கு, கூட்டம் நடந்தால் எழுதி வைக்க ஒரு மினிட் புத்தகம், வருடா வருடம் ஆடிட். மூன்று வருடம் கழித்து உங்களுக்காகப் பேசப்போவது இவைதான்.

இரண்டு இடத்தில் விண்ணப்பித்தோம், பதிலே இல்லை. நகலை இணைத்திருக்கிறேன். தவறு எங்கே?
_வாசகி, அஸ்தம்பட்டி_

படித்தேன். முதல் இரண்டு பக்கத்தில் "இளைய தலைமுறையின் முழுமையான மேம்பாடு" ஐந்தாறு இடத்தில் வருகிறது, எத்தனை பிள்ளைகள் என்பது எங்கேயும் வரவில்லை. இணைப்பாக வந்த வருகைப் பதிவேட்டின் நகலைத்தான் நான் ரசித்துப் படித்தேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வருகை சரிகிறது, ஓரத்தில் யாரோ பென்சிலில் "காபி பறிப்பு" என்று எழுதியிருக்கிறார்கள். விண்ணப்பத்தை அங்கிருந்து தொடங்குங்கள். பழம் பறிக்கும் காலத்தில் எந்த வயதுப் பிள்ளைகள் வராமல் நின்றுவிடுகிறார்கள், திரும்ப வருகிறவர்கள் எத்தனை பேர், அந்த மூன்று மாதம் வகுப்பு நேரத்தை மாற்றினால் என்ன செலவாகும். இதை எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

பட்ஜெட்டில் "இதர செலவுகள்" என்று ஒரு பெரிய தொகை போட்டிருக்கிறீர்கள், கணக்குப் பார்க்கிறவரின் பேனா நேராக அங்கேதான் போய் நிற்கும். அதை உடையுங்கள். மலைக்கு ஏறி இறங்கும் பஸ் கட்டணம் இவ்வளவு, ஜெராக்ஸ் இவ்வளவு, ஆடிட் கட்டணம் இவ்வளவு. ஆசிரியர் சம்பளத்தை மறைத்து "பயிற்சிப் பொருட்கள்" என்ற தலைப்புக்குள் தள்ளியிருப்பது தெரிகிறது. செய்யாதீர்கள். மையத்தை நடத்துவதே அந்தச் சம்பளம்தான்.

சம்பளம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு கம்பெனியில் சொன்னார்களாமே, அது தவறான புரிதல். 5 சதவீத உச்சவரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் நிர்வாகச் செலவுக்கு. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அதில் சேராது. மரியாதையாகவே எடுத்துச் சொல்லுங்கள், அந்த அதிகாரிக்கும் இது தெரியாமல் இருக்கலாம்.

சிலம்பம், கபடி சொல்லித்தரும் மன்றம் எங்களுடையது. அரசு நிதி வாங்கித்தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
_வாசகர், அம்மாப்பேட்டை_

கூடாது. அரசு நிதிக்குப் பெரும்பாலும் கேட்கப்படும் என்ஜிஓ தர்ப்பண் பதிவு (தொண்டு அமைப்புகளுக்கானது) மத்திய அரசின் நிதி ஆயோக் தளத்தில் இலவசம், நீங்களே போடலாம். உங்களுக்கு வேண்டியது திடலைச் சீர்செய்வதுதான் என்றால் மாநகராட்சியில் "நமக்கு நாமே" திட்டம் பற்றிக் கேளுங்கள். மக்கள் ஒரு பங்கு கட்ட வேண்டும், மீதியை அரசு போடும், சொத்து பொதுவில் இருக்கும். அவருக்குக் கொடுக்க வைத்திருக்கும் முன்பணத்தை அந்தப் பங்கில் சேர்த்துவிடுங்கள்.

என் மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறார். எங்கள் டிரஸ்டுக்கு இரண்டு லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?
_வாசகர், கொண்டலாம்பட்டி_

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பும்போது அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதையே வேறு. இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. அந்தப் பதிவுக்குப் பொதுவாக மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அதற்குள் 15 லட்சமாவது பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வரும். "பொருளாளர் கணக்கில் போட்டு எடுத்துக்கலாம்" என்று யோசனை சொல்ல யாராவது இருப்பார்கள், கேட்காதீர்கள்.

எங்களுக்கு 80ஜி இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்கள் ரொக்கமாகத்தான் தருகிறார்கள். ரசீது போடலாமா?
_வாசகி, சேலம்_

ரசீது கட்டாயம் போடுங்கள். ஆனால் ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடையாது, வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். கடைக் கல்லாவில் யுபிஐ அட்டை ஒட்டியிருக்கும் ஆளிடம் யுபிஐ-யில் அனுப்பச் சொல்ல என்ன கூச்சம்?