பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு முன், அந்த ஊசியின் பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாசில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன நிலையில் அடுத்த மாதம் மனைவிக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை என்றும், சிறுவயதில் ஏதோ ஊசி போட்டு அவருக்கு உடம்பெல்லாம் தடித்தது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது என்றும், இதை இங்கு யாரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பினாங்குக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆன நான் மருத்துவன் அல்லன். ஆனால் இதே விஷயத்தில் ஒருமுறை அடிபட்டவன்.

எனக்கு 'செப்ட்ரான்' ஆகாது என்று திருச்சியில் எங்கள் குடும்ப மருத்துவர் சொன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இங்கு வந்தேன். இரண்டாம் ஆண்டில் காய்ச்சலுக்காகப் போன ஒரு கிளினிக்கில் 'பாக்ட்ரிம்' கொடுத்தார்கள். ஒவ்வாமை உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. பெயர் வேறாக இருந்ததால் நானும் வாய் திறக்கவில்லை. இரண்டுமே கோட்ரைமாக்சசோல் என்ற ஒரே சல்ஃபா மருந்து என்பது, உடம்பு முழுவதும் சிவந்து வாயில் புண் வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது. இந்நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் மருத்துவரே மருந்தும் தந்துவிடுவதால், இடையில் ஒரு மருந்தாளர் சீட்டைப் பார்த்து நிறுத்தும் வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. ஆகவே வணிகப் பெயரை நம்பாமல் மூலப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'ஆக்மென்டின்' என்ற பெயரில் பென்சிலின் எங்கும் தென்படாது, ஆனால் அதிலுள்ள அமாக்சிசிலின் பென்சிலின் வகையைச் சேர்ந்ததே.

மருத்துவமனையில் ஒருவரிடம் சொன்னால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள். பதிவு மேசையில், அறுவை மருத்துவரிடம், குறிப்பாக மயக்க மருந்து மருத்துவரிடம், பிறகு வார்டுத் தாதியரிடம் எனத் தனித்தனியே சொல்லுங்கள். மலாய் பேசுபவரிடம் 'அலாஹான் உபாட்' என்றால் மருந்து ஒவ்வாமை என்று புரியும். தமிழ் பேசும் தாதியர் இங்கு நிறையவே உண்டு என்றாலும், உங்கள் வேளையில் அவர் பணியில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பதே நல்லது. ஒவ்வொரு முறையும் பெயரையும் ஒவ்வாமையையும் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம், அது பாதுகாப்புக்கான வழக்கம். கையில் ஒவ்வாமைப் பட்டை கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நம் ஊரில் ஊசிக்கு முன் 'டெஸ்ட் டோஸ்' போட்டுப் பார்ப்பதைப் போல இங்கும் செய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்; பெரும்பாலும் நீங்கள் சொல்லும் வரலாற்றைக் கொண்டே முடிவெடுக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குச் சற்று முன்பு தொற்றைத் தடுக்க ஆன்டிபயாட்டிக் போடுவதாக இருந்தால், செஃபசோலின் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அது பென்சிலினுக்கு உறவுடைய மருந்து என்றாலும், பென்சிலின் ஆகாதவர்களில் பலருக்கும் அது பாதுகாப்பானதே. உங்கள் மனைவிக்கு எது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

மறுபுறம், பயத்தில் 'எந்த ஊசியும் ஆகாது' என்று சொல்லிவிடாதீர்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளதாகச் சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, முறையாகச் சோதித்தால், அது இருப்பதில்லை. சிறுவயதில் இருந்தது ஆண்டுகள் கழிந்து மறைந்திருக்கலாம், அல்லது அன்றைய தடிப்பு வைரஸ் காய்ச்சலால் வந்திருக்கலாம். வயிற்றுப்போக்கும் குமட்டலும் பெரும்பாலும் பக்கவிளைவுகளே. தேவையற்ற ஒவ்வாமை முத்திரை விழுந்துவிட்டால், நல்ல மருந்து இருந்தும் அடுத்த தர மருந்தைக் கொடுக்கவேண்டிய நிலை மருத்துவர்களுக்கு வரும். ஒவ்வாமை உண்டென்று உறுதியானால், அரசு மருத்துவமனை மருந்தகத்தில் தரும் ஒவ்வாமை அட்டையைக் கேட்டு வாங்கிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மறைக்காமல் காட்டுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் மாமியாரைக் கேளுங்கள்: ஊசி எதற்குப் போட்டது, எத்தனை நிமிடத்தில் தடித்தது, உதடு வீங்கியதா, மூச்சுத் திணறியதா, அதன்பின் எப்போதாவது அமாக்சிசிலின் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்ததா? 'ஏதோ வெள்ளை ஊசி' என்றுதான் பதில் வரும்; அப்போது அந்த மருத்துவரையே தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் மாலையில் கிளினிக் வைப்பவர் என்றால் இங்கு இரவு ஒன்பது மணிக்கு அழையுங்கள், அங்கு ஆறரைதான் ஆகியிருக்கும்.