துன்பம் வந்தால் ஏன் முடங்கிப்போகிறோம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் நடத்திவந்த சிறு தொழில் நொடித்துப்போனது. சில மாதங்களிலேயே தந்தையாரும் படுத்த படுக்கையானார். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும் எதையும் தொடங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பார்ப்பவர்கள் எல்லாரும் மன உறுதி வேண்டும் என்கிறார்கள். நான் கோழையா?

பதில்: இல்லை. 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்று படிக்கும்போது மனம் சங்கடப்படும் சோதனைதான் அது. தம்மால் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு முன்பே ஆளாகியிருந்த நாய்களில் பெரும்பாலானவை, பின்னர் ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற நிலையிலும் தாண்டாமல் படுத்துக்கிடந்தன. அடிபட்டு அடிபட்டு உயிர்கள் கையறு நிலையைக் கற்றுக்கொள்கின்றன என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். ஆனால் மூளை பற்றிய பிற்கால ஆய்வுகளைக் கண்டபின், 2016-இல் அதே இருவரும் அந்த முடிவைத் தலைகீழாக மாற்றிக்கொண்டார்கள். நீண்டு தொடரும் துன்பத்தின்முன் முடங்கிப்போவது யாரும் கற்றுக்கொள்ளாமலே வரும் இயல்பான எதிர்வினை என்றும், தன் செயலால் நிலைமை மாறுகிறது என்பதை மூளையின் முன்பகுதி கண்டுகொள்ளும்போதுதான் அந்த முடக்கம் அடங்குகிறது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

ஆகவே, மன உறுதி வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அது பெரும்பாலும் செயலுக்குப் பின்னால்தான் வருகிறது. ஒரே நாளில் முடியக்கூடியதும் பலன் கண்ணுக்குத் தெரியக்கூடியதுமான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவர்களில் ஒருவரிடம் மட்டும் பேசித் தவணை கேட்பதும் அத்தகைய வேலைதான். தூக்கமும் பசியும் குலைந்து, எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: துன்பம் மனிதனைப் புடம் போடுகிறது என்பது உண்மையா?

பதில்: சிலரைப் புடம் போடுகிறது, பலரை வெறுமனே வருத்துகிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் போன்ற பல இன்னல்களுக்கு நடுவே வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உள்ள பெரியவர்களாக உருவானார்கள். அவர்களைக் காத்தவை துன்பத்துக்கு வெளியே இருந்தன: பெற்றோரோ பாட்டியோ ஆசிரியரோ, அவர்களை நம்பி அரவணைத்த ஒருவராவது அருகில் இருந்தார். பதின்வயதில் தடம் புரண்ட பலரும்கூட, தொடர்ந்து படித்ததாலோ நல்ல வாழ்க்கைத்துணை அமைந்ததாலோ நடுவயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். துன்பத்தில் இருப்பவரிடம் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்வதைவிட, அவர் அருகில் போய் உட்காருவது மேல் என்பது என் கருத்து.

கேள்வி: எவ்வளவு முயன்றும் நடக்காத ஒன்றை எப்போது கைவிடலாம்?

பதில்: அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் கப்பல், பனியில் சிக்கி நொறுங்கி 1915 நவம்பரில் மூழ்கியது. கடக்கும் எண்ணத்தை அவர் அங்கேயே விட்டுவிட்டு, தம்முடன் இருந்த 27 பேரையும் உயிரோடு வீடு சேர்ப்பதையே புதிய இலக்காகக் கொண்டார். 1916 ஆகஸ்டில், முந்தைய முயற்சிகள் பனியால் தடைபட்ட பிறகும் விடாமல் சென்று, தீவொன்றில் காத்திருந்த கடைசி 22 பேரையும் மீட்டார். நீங்களும் வழியையும் நோக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். ஒரு தேர்வோ வேலையோ கைகூடவில்லை என்றால், அதன்மூலம் எதை அடைய விரும்பினீர்கள் என்று எழுதிப் பார்த்து, அதற்கு வேறு வழி உண்டா என்று, உங்கள் துறையை அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.