2009 மாடல் பெட்ரோல் கார். ஓவர்ஹீட் ஆகி ஹெட் கேஸ்கெட் மாற்றிய பிறகு மைலேஜ் 15-லிருந்து 10-க்கு இறங்கிவிட்டது. எதைப் பார்ப்பது?

முதலில் தெர்மோஸ்டாட் வால்வு (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது) உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார், இன்ஜெக்டர் என்று செலவு செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓவர்ஹீட் ஆகி வந்த வண்டியில், "சென்னை வெயிலுக்கு இது தேவையில்லை" என்று வால்வைக் கழற்றிவிடுவதும், ரேடியேட்டர் ஃபேன் எப்போதும் சுற்றும்படி டைரக்ட் கொடுத்துவிடுவதும் இங்கே சகஜம். இது தவறான வைத்தியம். கூலன்ட் 60 டிகிரியிலேயே நின்றுவிட்டால், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜும் போகும், ஆயிலிலும் பெட்ரோல் கலக்கும்.

காலையில் ஏசி போடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கை ஃபேன் பக்கம் போகவேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் சில நிமிடம் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, 82–88 டிகிரி வாக்கில் வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பானால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. சாவி போட்டதுமே ஃபேன் சுற்றினால் வயரிங்கைப் பழையபடி மாற்றச் சொல்லுங்கள். புது வால்வு சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், அதில் பொறித்திருக்கும் டிகிரி உங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

வால்வு சரியாக இருந்தால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். மல்டிமீட்டரில் பொதுவாக அறை வெப்பத்தில் 2–3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்டும். சூடான இன்ஜினிலும் கிலோ ஓமிலேயே நின்றால் சென்சார் போய்விட்டது.

அடுத்து டைமிங், அதாவது பிஸ்டனும் இன்ஜின் வால்வுகளும் சேர்ந்து இயங்கும் நேரக்கணக்கு. ஹெட்டை இறக்கினால் டைமிங் பெல்ட்டையோ செயினையோ கழற்றித்தான் மாட்டியிருப்பார்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஓடும், ஆனால் பிக்கப் இருக்காது. மேம்பாலம் ஏறும்போது கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். கவரைத் திறந்து கேம், கிராங்க் மார்க் இரண்டும் நேராக வருகிறதா என்று பார்க்கவேண்டும். டேப்பட் (இன்ஜின் வால்வுகளுக்கான இடைவெளி) அதிகம் டைட்டாக இருந்தாலும் அந்த வால்வுகள் முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும்.

எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கடைசியாகப் பாருங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். கேஸ்கெட் போனபோது எரிந்த கூலன்ட்டும், மாட்டும்போது தாராளமாகத் தடவிய மலிவான சிலிகான் பேஸ்ட்டும் அதைக் கெடுக்கும். சூடான இன்ஜினில் அதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே வேகமாக ஏறி இறங்கவேண்டும். 0.1 பக்கமே கிடந்தால் காற்று அதிகம் என்று காட்டுகிறது, ஈசியூ கூடுதல் பெட்ரோல் விடும். முதலில் இன்டேக் மேனிஃபோல்டிலும் வேக்குவம் ஹோஸ்களிலும் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். கசிவு எதுவும் இல்லை, பிளக் நுனியும் கரிபிடித்திருக்கிறது என்றால் சென்சாரை மாற்றிவிடலாம்.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஒரே பங்க்கில், ஆட்டோ கட் ஆகும்வரை டேங்கை நிரப்பி, குறைந்தது 200 கிலோமீட்டர் ஓட்டி அளந்து பாருங்கள். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்று யாராவது சொன்னால், அதனால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் வரை குறையலாம், ஐந்து குறையாது.