சில நூறு பேர் மட்டுமே வாழும் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அமெரிக்காவில் உண்டா? அங்கே ஏன் மக்கள் குடியேறவில்லை?

உண்டு. டெக்சஸின் தெற்குக் கடற்கரையில் உள்ள கெனடி கவுன்டி. ஜனாதிபதி கென்னடியின் குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிலப்பரப்பு சுமார் 3,800 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 350.

கார்ப்பஸ் கிறிஸ்டியிலிருந்து பிரவுன்ஸ்வில் போகும்போதெல்லாம் 77ஆம் எண் நெடுஞ்சாலையில் இதைக் கடக்கிறேன். கவுன்டிக்கு வடக்கே உள்ள ரிவியரா என்ற ஊரிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்வேன். அடுத்த பெரிய ஊரான ரேமண்ட்வில் ஏறக்குறைய 60 மைல் தள்ளி இருக்கிறது. வழி நெடுக இருபுறமும் கம்பி வேலி. அதற்கு அப்பால் மணல், புல், கடற்காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த ஓக் மரங்கள்.

தண்ணீர்ப் பஞ்சம்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. இங்கே ஆறு கிடையாது. கரைக்கும் பாட்ரே தீவுக்கும் நடுவே கிடக்கும் லகுனா மாட்ரே என்ற காயல், நன்னீர் வரத்து குறைவானதாலும் கடும் வெயிலாலும் கடலைவிட உப்புக் கரிக்கும். ஆனாலும் புல் வளர்கிறது, மாடு கொழுக்கிறது. ஆள் இல்லாததற்கு முக்கியக் காரணம், நிலம் துண்டு போடப்படவில்லை என்பதே.

ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிப் பணம் சேர்த்த மிஃப்லின் கெனடி, 1882இல் லா பார்ரா பண்ணையை வாங்கினார். 1904இல் ரயில் வந்தது. தெற்கே நிலத்தைக் கூறுபோட்டு விவசாயிகளுக்கு விற்றார்கள், ஊர்கள் முளைத்தன. வடக்கே பண்ணைக்காரர்கள் விற்கவில்லை. 1921இல் அவர்களின் பகுதி தனிக் கவுன்டியாகவே பிரிந்தது. அதன் தலைநகர் சரிட்டா, மிஃப்லினின் பேத்தி பெயரில் அமைந்த சிற்றூர்.

அந்தச் சரிட்டாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய சகோதரருக்கும் இல்லை. 1961இல் சரிட்டா இறந்ததும் உயில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வாரிசுகள் பங்கு பிரித்திருந்தால் இந்நேரம் பாதி நிலமாவது வீட்டுமனை ஆகியிருக்கும். குடும்பச் சொத்து அறக்கட்டளைகளிடம் போய்ச் சேர்ந்ததால் வேலி அப்படியே நிற்கிறது. 1999 ஆகஸ்டில் பிரெட் என்ற கடும் புயல் இந்தக் கவுன்டியில்தான் கரையேறியது. ஊர் இல்லாத கரை என்பதால் பெரிய அழிவு நேரவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம், இந்த நிலத்தை இப்படியே விட்டுவைத்தது நல்லது என்று மனதாரத் தோன்றுகிறது.

போன டிசம்பரில் சரிட்டாவுக்குத் தெற்கே காரை ஓரங்கட்டி நிறுத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் சாம்பல் நீல உடம்பு, கழுத்தடியில் வெள்ளைத் திட்டு, சிறிய கொம்பு. நீல்காய்! நம் வட இந்திய வயல்களில் மேய்கிற அதே விலங்கு. பக்கத்து கிங் பண்ணைக்காரர்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து விட்டது, இந்தப் புல்வெளிகளில் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு ஓக் மரங்களுக்குள் நடந்து போய்விட்டது.