கேளுங்கள், சொல்கிறோம்: ஸ்டாக்ஹோமில் ஓர் இரவு

கேள்வி: வேலை விஷயமாக ஐந்து பேர் ஸ்டாக்ஹோம் போகிறோம். ஒருவருக்கு வயது 19. கிளப்பில் விடுவார்களா?

பதில்: பாரில் குடிக்கச் சட்டப்படி 18 வயது போதும். ஆனால் வாசலில் செல்லுபடியாவது அந்தந்த கிளப்பின் விதிதான். ஸ்டூரேபிளான் பக்கத்து ஆடம்பர கிளப்புகளில் 20, 23 என்று வைத்திருப்பார்கள். அதுவும் சனிக்கிழமைக்கு மாறும். போகிற அன்றே அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். கையில் அசல் பாஸ்போர்ட் இருக்கட்டும், போனில் எடுத்த படத்தை நம்பிப் போகாதீர்கள். கடைக்கணக்கு வேறு. அரசு மதுக்கடையான சிஸ்டெம்போலாகெட்டில் வாங்க 20 ஆகியிருக்க வேண்டும். உங்கள் 19 வயதுக்காரர் பாரில் ஒயின் குடிக்கலாம், அதே ஒயினைக் கடையில் வாங்க முடியாது! சனிக்கிழமை மதியம் 3 மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.

வயதைவிடப் பலரைக் கவிழ்ப்பது நேரம். பார் விலை அதிகம் என்பதால் உள்ளூர்க்காரர்கள் வீட்டிலேயே ‘ஃபோர்ஃபெஸ்ட்’ என்கிற முன்விருந்தை முடித்துக்கொண்டு, 11 மணிக்கு மேல் மொத்தமாக வந்து இறங்குவார்கள். அப்புறம் வரிசை நகராது. 10 மணிக்கு முன்பே போய்விடுங்கள். தள்ளாடிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போதை தெரிகிறவருக்கு ஊற்றுவது சட்டப்படி குற்றம், உரிமமே போகலாம். அதனால் வாசலில் வாதாடிப் பயனில்லை.

கேள்வி: ஜனவரியில் போகிறோம். கனத்த கோட்டை என்ன செய்வது?

பதில்: பல கிளப்புகளில் கோட்டை ‘கார்டெரோப்’ கவுன்ட்டரில் காசு கட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பணம் பெரும்பாலும் அட்டையில்தான். மப்ளர், குல்லா, கையுறை மூன்றையும் கோட்டின் கைக்குள் தோள்வரை தள்ளிவிடுங்கள். பாக்கெட்டில் பிதுங்கினால், மாட்டும்போது நழுவி யாருடைய கோட்டுக்கடியிலோ கிடக்கும். எண் சீட்டை உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைத்தால் கூட்டம் கலையும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நிறைய இடங்கள் 3 மணிக்கு மூடுகின்றன, எல்லோரும் அப்போதுதான் கோட்டுக்கு முண்டுவார்கள். 2.30-க்கே வாங்கிவிட்டால் நிம்மதி.

கேள்வி: அந்த நேரத்தில் ரயில் உண்டா?

பதில்: வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் ஒரு மணி வாக்கில் நின்றுவிடும், பிறகு இரவுப் பேருந்துதான். ஒற்றை டிக்கெட் 75 நிமிடம் செல்லும்.

கேள்வி: நாங்கள் குடிப்பதில்லை. இரவில் போக இடம் இருக்கிறதா?

பதில்: தாராளமாக. குங்ஸ்காட்டன் தெருவில் 1977 முதல் நடக்கும் ஃபாஷிங் ஜாஸ் கிளப்புக்கு எங்கள் ஓட்டு. உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் மேஜையை முன்பதிவு செய்யுங்கள். ஆடவும் தடையில்லை. 2023 ஜூலைக்கு முன் வாடிக்கையாளர் ஆடுவதற்கே உரிமையாளர் போலீஸ் அனுமதி வாங்க வேண்டியிருந்தது! கோடையானால் 1883-ல் தொடங்கிய க்ரோனா லுண்ட் கேளிக்கைப் பூங்கா. 1980-ல் பாப் மார்லி அங்கே பாடியிருக்கிறார். கச்சேரியை நின்றபடிதான் பார்க்க வேண்டும். ஸ்லுசன் படகுத்துறையிலிருந்து படகில் போகலாம், மெட்ரோ டிக்கெட்டே அதற்கும் செல்லும்.