வலி நின்றாலும் பல்லைப் பிடுங்காதீர்கள்

தம்பி, கீழ்க் கடைவாய்ப் பல் பத்து நாள் குத்திவிட்டுத் தானாக நின்றுவிட்டது, இனி வேர் சிகிச்சை எதற்கு, பிடுங்கிவிடலாமா என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். வலி நின்றது பல் ஆறியதால் அல்ல. பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். கிருமி சத்தமில்லாமல் வேர் நுனிக்கு இறங்கி எலும்பை அரிக்கும்.

அந்தப் பல்லில் பொதுவாக 3 வேர்க்குழாய்கள், சிலருக்கு 4. வேர் சிகிச்சையில் அவை எல்லாவற்றையும் சுத்தம் செய்து அடைப்பார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள், பயம் வேண்டாம். அப்புறம் கட்டாயம் பல்லின் மேலே கேப் (உறை) போடுங்கள். யாங்கோனில் என் அண்ணி அதைத் தள்ளிப்போட்டார். பாக்கு கடித்ததில் பல் வேர்வரை பிளந்து, கடைசியில் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. குன்யா (பாக்கு வைத்து மடித்த வெற்றிலை) மெல்வதை இன்றே விடுங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.